லாரி இன்ஜினில் வீட்டுக்குக் கரன்ட்: சுலபச் செய்முறை

முதலில் இன்வெர்ட்டர் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அது சத்தமே போடாது. டிசம்பர் மழையில் ஆவடி சேக்காடே இருட்டில் கிடக்கும்போது உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிவது ஊருக்கு எப்படித் தெரியும்? ஆறு சிலிண்டர் அசோக் லேலண்ட் இன்ஜின் என்றால் ஆவடி ஸ்டேஷன் வரை தெரியும்.

பழைய லாரி உடைக்கும் இடத்தில் விசாரியுங்கள். "சூப்பர் கண்டிஷன் சார்" என்பார்கள். அங்கே எல்லா இன்ஜினும் சூப்பர் கண்டிஷன்தான்; லாரிதான் ஏனோ ஓடவில்லை.

அடுத்து கான்கிரீட் மேடை. அதைப் போடும்போது டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர்டு ஆன பெரியவர் ஒருவர் கட்டாயம் வந்து நிற்பார். 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட ஊர், 1987 முதல் தனியாக இன்ஜின் ஃபேக்டரியே இருக்கிற ஊர். கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கவர்னருக்கு என்ன பண்ணப் போற தம்பி?" என்பார். சிரித்து மழுப்புங்கள்.

மழுப்பத்தான் வேண்டும், ஏனென்றால் மொத்த வேலையும் இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் அந்தக் கவர்னரில்தான் இருக்கிறது. இன்ஜினோடு இணைத்துக் கரன்ட் எடுக்கும் நாலு துருவ ஆல்டர்னேட்டரில் 50 ஹெர்ட்ஸ் வர நிமிஷத்துக்கு 1500 சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. லாரியில் அந்தக் கவலை டிரைவரின் வலது காலுடையது. பல லாரி பம்புகளில் உள்ள கவர்னர் ஐடிலிங்கையும் உச்ச வேகத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். நடுவில் நடப்பதைக் கண்டுகொள்ளாது. ஆக்சிலரேட்டரைக் கம்பியால் 1500-இல் கட்டிவைப்பீர்கள். தண்ணி மோட்டார் போட்டதும் இன்ஜின் மூச்சு வாங்கும், ஃபேன் சோர்ந்து போகும். மோட்டாரை நிறுத்தினால் பிய்த்துக்கொண்டு ஓடும். ஏ.வி.ஆர். வோல்டேஜை ஓரளவு பிடித்து நிறுத்தும். ஹெர்ட்ஸ் அதன் பேச்சைக் கேட்காது. ஜெனரேட்டருக்கென்றே வரும் கவர்னர் வைத்த பம்பை மாற்றலாம், செலவாகும். வீட்டோடு இருக்கும் மச்சானை ஆக்சிலரேட்டர் பக்கத்தில் உட்கார வைப்பது மலிவு.

நிறுத்துவதற்குச் சாவியைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள். பழைய டீசல் இன்ஜின் சாவிக்கு அடங்காது. ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும். அது எங்கே என்று இருட்டுவதற்கு முன்பே மச்சானுக்குக் காட்டிவிடுங்கள்.

ஈ.பி. லைனைத் துண்டித்து வீட்டை இன்ஜின் பக்கம் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் கேலி கிடையாது. அது இல்லாமல் வீட்டு லைனில் கொடுத்தால், உங்கள் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி 11,000 வோல்ட்டாகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஈ.பி. லைன்மேன் மேலே கை வைத்திருப்பார். மூடிய ஷெட்டிலும் ஓட்டாதீர்கள். புகை உள்ளே இருப்பவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

எல்லாம் அமைந்தால் முப்பது கிலோவாட் தாராளமாக வரும். வீட்டுக்கு வேண்டியது நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சீரியல். இவ்வளவு குறைந்த லோடில் டீசல் முழுசாக எரியாது. சைலன்ஸர் மூட்டில் கறுப்பாக எண்ணெய் வழியும். நல்ல லோடில் லிட்டருக்கு மூன்று யூனிட் தருகிற இன்ஜின், இதில் பாதிகூடத் தராது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தரும் மாநிலத்தில்தான் இதையெல்லாம் செய்கிறீர்கள்.

ஆகவே லோடைக் கூட்ட, தெருவுக்கே வயர் இழுக்கலாமா என்று தோன்றும். காசு வாங்கினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வாங்காவிட்டால், எதிர்வீட்டு அக்கா கிரைண்டர் போடும்போதெல்லாம் மச்சான் எழுந்து உட்கார வேண்டும்.