சாமி இல்லாத நேர்த்திக்கடன்

கவசம் உடம்பைக் காக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம் கவசக்காரரைப் பார்த்திராதவர்கள். அவரிடம் உடம்புதான் கவசத்தைக் காக்கிறது. தோள்பட்டைத் தகடு நிலையில் இடித்துவிடாதபடி உடம்பு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து வீட்டுக்குள் நுழைகிறது. நாற்காலியைக் கண்டால் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு நின்றபடியே இருக்கிறது. மூக்கு அரித்தால், தலைக்கவசத்தைக் கழற்ற ஆள் வரும்வரை பொறுத்துக்கொள்கிறது. பகலில் இவர் ராமநாதபுரத்தில் கைப்பேசி பழுதுபார்ப்பவராக இருக்கலாம். கீழக்கரையில் பொறியியல் படிக்கும் மாணவராகவோ பாம்பனில் ஜெராக்ஸ் கடைக்காரராகவோ இருக்கலாம். இரவில், மின்சாரம் இருக்கும்வரை, இவர் இருபத்தாறாம் நூற்றாண்டின் விண்வெளிப் படைவீரர். அறிவியல் புனைகதைப் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் வரும் கவசங்களை ஃபோம் ஷீட்டில் வெட்டி, வளைத்து, ஒட்டி, வண்ணமடித்து, தன் உடம்புக்கே பொருத்திக்கொள்வதுதான் இவருடைய பொழுதுபோக்கு. ஊர் இவரைச் சினிமாப் பைத்தியம் என்கிறது. உறவினர்கள் வளராத பிள்ளை என்கிறார்கள். இரண்டும் தப்பு. இந்தக் கடற்கரைக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான் இவர்: நேர்த்திக்கடனுக்கு வேடம் கட்டுகிறவர். என்ன, இவருடைய நேர்த்திக்கடனுக்குச் சாமி மட்டும் இல்லை.

விரதம் கடையில் தொடங்குகிறது. குழந்தைகள் தவழ்வதற்காகத் தரையில் பூட்டிப் பூட்டி விரிக்கும் வண்ண ஃபோம் பாய்களைக் குழந்தையே இல்லாத ஒருவர் கட்டுக்கட்டாக வாங்கும்போது கடைக்காரர் வாழ்த்துச் சொல்கிறார். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு வருகிறார். பிறகு தச்சர்கள் மைக்கா ஒட்டும் பசை. இரண்டு பக்கமும் தடவி, பிசுக்கு அடங்கும்வரை காத்திருந்து, ஒரே முறையில் சேர்த்துவிட வேண்டும். கோணலாகச் சேர்ந்துவிட்டால் மறுதரம் கிடையாது. ஹீட் கன்னின் சூடு பட்டால் ஃபோமின் மேல்தோல் இறுகி, வளைத்த வளைவு அப்படியே நிற்கும். ஒரு நொடி கூடினால் மார்புக் கவசத்தில் வடு விழும். அதையும் போர்க்காயம் என்று சமாளிக்க இவருக்குத் தெரியும். தலைக்கவசம் கெட்டியாக வேண்டுமென்றால் பைபர் வள்ளம் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய், ரெசினில் எவ்வளவு ஹார்டனர் கலப்பது என்று பணிவாகக் கேட்கிறார். ஓட்டை விழுந்த படகோடு வந்தால் புரிந்துகொள்ளும் பட்டறைக்காரர், ஓட்டை விழுந்த தலையோடு வருகிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் சொல்லித்தருகிறார். இத்தனைக்கும் பெரிய சோதனை அளவு. திரையில் வரும் வீரன் ஏழடி, இவர் ஐந்தரை. வரைபடத்தை ஒரே விகிதத்தில் சுருக்கினால் தலைக்கவசத்துக்குள் தலை போகாது. தலைக்கு ஏற்றபடி பெரிதாக்கினால் முழங்கால் கவசம் தொடைக்கு ஏறிவிடும். தன் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்தது என்பதையும், நெஞ்சும் வயிறும் எங்கே எல்லை பிரிகின்றன என்பதையும், அந்த எல்லை தீபாவளிக்குப் பிறகு இடம் மாறிவிடும் என்பதையும் இவர் அப்போதுதான் அறிகிறார்.

இவ்வளவையும் தவிர்க்க வழி இல்லையா? இருக்கிறது. ஆயத்தமாகச் செய்த உடை விலைக்குக் கிடைக்கிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. அதை எடுத்துச் சொல்பவரை இவர் பார்க்கும் பார்வை, அலகு குத்துகிறவரிடம் போய் ஸ்டிக்கர் வேல் ஒட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவருக்குக் கிடைக்கும் பார்வை. கஷ்டம்தான் இங்கே காணிக்கை. இந்தத் துறையின் மூத்தவர்களும் அப்படித்தான் பட்டிருக்கிறார்கள். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் தங்க ரோபோவாக நடித்த ஆண்டனி டேனியல்ஸால் அந்த உடையில் உட்கார முடியவில்லை. துனீசியப் பாலைவனத்தில் முதல் நாளே கால்தகடு உடைந்து பாதத்தில் குத்தியது. 1987-இல் ‘ரோபோகாப்’ ஆக நடித்த பீட்டர் வெல்லர் முழுக் கவசத்தோடு காருக்குள் நுழைய முடியாமல், கார்க் காட்சிகளில் இடுப்புக்குக் கீழே கவசமில்லாமல் நடித்தார். அவர்களுக்காவது சம்பளம் இருந்தது. நம்மவருக்கு இருப்பது ராமநாதபுரத்துப் புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றின் ஈரம் அதைப் பாதி தடுக்கிறது, காற்றுப் புகாத ஃபோம் மீதியையும் தடுத்துவிடுகிறது. தலைக்கவசத்தின் கண்ணாடியில் மூச்சு படிந்து, அண்டத்தையே வென்ற வீரருக்கு எதிரில் நிற்கும் தெருநாய் தெரியாமல் போகிறது. அதற்காகக் கணினியிலிருந்து கழற்றிய குட்டி விசிறி ஒன்றைக் காதோரம் பொருத்துகிறார். அன்றிலிருந்து கூப்பிட்டால் காது கேட்பதில்லை. ஃபோம் துருப்பிடிக்காது, சரி. அதை மாட்டும் திருகும் காந்தமும் துருப்பிடிக்குமே! இந்த உப்புக் காற்றை நம்பாமல்தான் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு ரயில்வே பாலிசிலாக்சேன் பூச்சு அடித்தது. நம்மவர் நெயில் பாலிஷ் அடிக்கிறார்.

இந்த அவஸ்தையைப் புதுசு என்பவர்கள் தங்கள் மாவட்டத்தையே சுற்றிப் பார்க்காதவர்கள். கமுதி முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு சேத்தாண்டி வேடத்தில் வருகிறார்கள். அதே வட்டாரத்தில் ஆண்கள் உடம்பில் வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்தும் கிராமத் திருவிழாவும் உண்டு. வைக்கோல் எப்படி அரிக்கும் என்பது களத்துமேட்டில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்; அந்த அரிப்புக்கு முன்னால் ஃபோமின் புழுக்கம் குளிர்சாதன அறை. கடற்கரையோடு தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து, காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் போலீஸ்காரராகவும் வேடம் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்துகிறார்கள். காளியின் கிரீடத்தையும் கைகளையும் சுமந்து நடக்கிறவர், இன்னும் எத்தனை தெரு என்று கணக்குப் பார்ப்பதில்லை. வடக்கே தெருக்கூத்தில் துரியோதனனின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. தொட்டால் எடையே இராது, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டினால் தீப்பந்த வெளிச்சத்தில் அத்தனையும் பொன். கையில் லேசு, கண்ணுக்குக் கனம்: கவசக்கலையின் முதல் விதியும் கடைசி விதியும் இதுதான். ஃபோமுக்கு வெள்ளி வண்ணம் அடிக்கும்போது நம்மவர் ஹாலிவுட்டிடம் கற்றதாக நினைத்துக்கொள்கிறார். அந்தப் பாடம் இங்கே விடிய விடிய நடந்துகொண்டுதான் இருந்தது; இவர்தான் தூங்கப் போய்விட்டார்.

“அதெல்லாம் சரி, காளி நம்முடையவள், விண்வெளிப் படைவீரன் யாருடையவன்? இது அந்நிய மோகம்தானே?” என்பது முதல் ஆட்சேபம். பழமை என்று பார்த்தால் அந்த வீரனுக்கு அவன் ஊரிலேயே பழமை கிடையாது. ‘ஸ்டார் வார்ஸ்’ வெள்ளைப் படைவீரர்களின் உடையைத் தாங்களே செய்து அணியும் ரசிகர்களின் புகழ்பெற்ற சங்கமான 501-ஆம் படை, அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1997-இல்தான் தொடங்கியது. சேத்தாண்டி வேடத்துக்கு முன்னால் அது நேற்றுப் பெய்த மழை. அந்நியம் என்று பார்த்தால், நாம் நம்முடையவன் என்று கொண்டாடிய ரோபோ சிட்டியின் நிலை என்ன? 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் இயந்திர உருவங்களை அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம்தான் செய்துகொடுத்தது; அதற்காக ரஜினிகாந்தை யாரும் அந்நியர் என்று சொன்னதில்லை. விண்வெளியும் நமக்கு அந்நியமாக இல்லை. காளி வேடம் கட்டும் அதே குலசேகரன்பட்டினத்தில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டும் முத்தாரம்மனும் ஒரே ஊரில் இருக்கலாம் என்றால், ஒரே தெருவில் காளியும் விண்வெளி வீரனும் நடப்பதில் என்ன குறை? அந்தப் பிப்ரவரியில்தான் சென்னை நந்தம்பாக்கத்தில், இப்படி வேடம் கட்டும் ரசிகர்கள் கூடும் காமிக் கானும் முதல்முறையாக நடந்தது. ராமநாதபுரத்துக் கவசம் அங்கே போக வேண்டுமென்றால் இரவு ரயிலில் ஏற வேண்டும். தலைக்கவசத்தை மடியில் வைத்து, தொடைக் கவசத்துக்குள் துணிமணி திணித்து, மேல் பெர்த்தில் மார்புக் கவசத்துக்கு இடம் விட்டு, உடைமைக்காரர் தரையில் படுக்கிறார். காவடி எடுத்துப் போகிறவர்கள்கூடக் காவடிக்கு இவ்வளவு மரியாதை செய்வார்களா என்பது சந்தேகம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இதனால் என்ன பயன்? சட்டப்படியான பதில் ஒன்று இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ வெள்ளை வீரனின் தலைக்கவசம் சிற்பமா என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போய், 2011-இல், அது சிற்பமல்ல, படத்துக்குப் பயன்பட்ட பொருள் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் நம்மவர் வீட்டு அப்பத்தா தீர்ப்புக்கு அடங்குகிறவர் அல்ல. “வேகாத வெயில்ல இதை மாட்டிக்கிட்டு இம்புட்டுப் பாடு என்னத்துக்குடா?” என்ற கேள்விக்கு மேல்முறையீடு கிடையாது. அவர் கேள்விக்குப் பின்னால் ஒரு நியாயமும் நிற்கிறது. இதே மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல் சட்டை போட்டு, விரல் விரலாகத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் காலுக்குச் செருப்பைக் கட்டிக் கடலில் இறங்குகிறார்கள். முத்துக்கும் சங்குக்கும் பேர்போன இந்தக் கரையில் முங்குகிறவர்கள் அலுமினியத் தகட்டைக் காலில் கட்டித் துடுப்பாக்கிக்கொண்டார்கள். இருப்பதை வைத்துத் தன் உடம்புக்குத் தானே பொருத்திய அசல் கவசம் அது. அதைப் படமெடுத்து யாரும் சுவரில் மாட்டுவதில்லை. இந்த வித்தியாசத்தை மழுப்பக் கூடாது. ஆனால் பயன் என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை, பொருத்தத் தெரிந்த கையிலும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணை வேலையை விட்டுவிடாமலே ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனைக் குழந்தைகளின் கால்களைப் பார்த்தார். மூன்று கிலோவுக்கும் மேலான உலோகக் காலிப்பரை இழுத்து நடந்த பிள்ளைகளுக்கு, ஏவுகணைக்கான கார்பன் பொருளைக் கொண்டு சுமார் முந்நூறு கிராமில் தாங்கி செய்ய வழி பிறந்தது. தம் வாழ்வின் பெரிய ஆனந்தங்களில் ஒன்றாக அதை அவர் மேடைகளில் சொன்னார். ஃபோம் வெட்டுகிறவரெல்லாம் கலாம் ஆகிவிட மாட்டார், உண்மைதான். ஆனால் ஓடு எங்கே உராயும், மூட்டு எங்கே மடங்க இடம் கேட்கும், எடை எங்கே இறங்கினால் வலிக்காது என்பதைத் தன் தோல் உரிந்து கற்றவர்கள் ஊரில் நாலு பேர் இருப்பது நல்லது. என்றைக்காவது ஒரு பாசிக்காரம்மா தன் செருப்பை இவரிடம் நீட்டினால், அந்த அறிவு அன்றைக்கே வேலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது ஆட்சேபம் என் உவமையின் அடிவேரையே பிடித்து ஆட்டுவது. நேர்த்திக்கடன் என்றால் எதிரே ஒரு தெய்வம் வேண்டும். தெய்வம் இல்லாத வேடம் தற்பெருமைதானே? இதற்கு விடை நம் ஊர்த் தெருமுனையிலேயே நிற்கிறது. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் பிறந்தநாளுக்கும் மாமன்மார் முகங்கள் வரிசையாக அச்சடித்த பிளெக்ஸ் பலகைகள் நிற்கும் நாட்டில், மாதக்கணக்கில் உழைத்துத் தன் முகத்தை மறைத்துக்கொள்கிற மனிதரைத் தற்பெருமைக்காரர் என்பது அநியாயம். கூட்டம் படமெடுத்துக்கொள்வது வீரனோடு. உள்ளே இருக்கும் ஆள் யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை, சொன்னாலும் அந்தத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து வெளியே கேட்காது. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கிறார். ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும் காப்பு களைகிறார்கள், ஊர் திரண்டுபோய்ப் பார்க்கிறது. நம் கவசக்காரரின் நிலை நேர்த் தலைகீழ். ஆண்டு முழுவதும் காப்பில்லாமல் திரிகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு நாள் மூடிக்கொண்டு நிற்கிறார், தரிசனத்துக்கு வரிசை நிற்கிறது. அந்த மரியாதை தனக்கு இல்லை, தான் சுமப்பதற்கு என்று தெரிந்தே நிற்கிறாரே, அது தற்பெருமைக்காரர்களுக்கு வராத குணம்.

ஆக, சாமி இல்லாதது இவருக்குப் பெரிய குறை அல்ல. வேறு இரண்டு குறைகள் இருக்கின்றன. நேர்த்திக்கடன் முடிந்துவிடும், காணிக்கையைச் செலுத்தி, வேடத்தைக் களைந்து, கடலில் குளித்துவிட்டுப் பிரியாணியோ புளிச்சோறோ சாப்பிடலாம். கவசம் முடிவதே இல்லை. கடைசிப் பூச்சு காயும்போதே தோள்மூட்டு இரண்டாம் பதிப்பு கேட்கும். இரண்டாம் பதிப்பு முடிவதற்குள் புதுப் படம் வந்து, வீரனே உடை மாற்றியிருப்பான். அடுத்த குறை இதைவிடப் பெரிது. குலசேகரன்பட்டினத்துக்குப் போகிறவர் தனியாகப் போவதில்லை. தசராக் குழு இருக்கிறது, மேளம் இருக்கிறது, கிரீடம் சாய்ந்தால் நிமிர்த்தவும், தாகத்துக்குத் தண்ணீர் புகட்டவும், தெருநாயை விரட்டவும் நாலு பேர் கூட நடக்கிறார்கள். வேடம் ஒருவர் உடம்பில் இருந்தாலும் அதைச் சுமப்பது ஊர். நம்மவருக்கோ கதவைச் சாத்திக்கொண்ட ஓர் அறையும் ஒரு நிலைக்கண்ணாடியும்தான். எவ்வளவு நுட்பமாக அளந்து வெட்டினாலும் கவசக்கலையில் தீராத கணக்கு ஒன்று உண்டு: முதுகின் நடுவில் இருக்கும் பக்கிளுக்குச் சொந்தக் கை எட்டாது. எனவே வீட்டிலுள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தீர்மானம் எளியது. இவருக்குப் புத்தி சொல்ல வேண்டாம், பெண் பார்த்தால் சரியாகிவிடும் என்று அவசரப்படவும் வேண்டாம். சிரிப்பை அடக்கவும் வேண்டாம். அந்தக் கோலத்தைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொண்டே போய் அந்தப் பக்கிளை மாட்டிவிடுங்கள்.