ஐந்து புள்ளி நான்கு

திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தி. சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தேன். பக்கத்து இலையிலிருந்து குரல்: "என்ன சார், குரூப்ல இருந்து வெளிய போயிட்டீங்க?"

எங்கள் பழைய கணக்கு வாத்தியார். 'வெளிய போடா' என்று என்னை வகுப்பிலிருந்து துரத்தியவர், நான் வெளியே போனதற்கு இப்போது வருத்தப்படுகிறார். 'சார்' வேறு!

மதுரையில் கல்லூரிக்கு ஒருவராவது இப்படி உண்டு: முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர். சட்டைப்பையில் இரண்டு போன், மஞ்சள் பையில் படிவக் கட்டு. ஊர் ஜனம் அவர் கண்ணுக்கு ஜனமாகத் தெரியாது. 'எண்பத்தொம்பது பிசிக்ஸ்', 'ரெண்டாயிரத்து நாலு பி.காம்' என்று பேட்ச் பேட்சாகத்தான் தெரியும். கோரிப்பாளையத்தில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினார் எங்கள் வாத்தியார் ஒருநாள். பிடித்த போலீஸ்காரர் பழைய மாணவர். அபராதம் கட்டிவிட்டு, ஆயுள் சந்தா வாங்கிக்கொண்டு வந்தார்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கல்லூரிகளுக்குத் தரம் போடும் 'நாக்' கையேட்டில் 5.4 என்று ஒரு பிரிவு இருக்கிறது: முன்னாள் மாணவர் ஈடுபாடு. ஆயிரத்துக்குப் பத்து மதிப்பெண். எங்களுக்கு அரை மார்க் போட விடைத்தாளை வெயிலில் தூக்கிப் பார்த்தவர், அந்தப் பத்துக்காக மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் பஸ் ஏறுகிறார்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1890லேயே பழைய மாணவர்களிடம் ஆண்டு நிதி திரட்ட ஆரம்பித்துவிட்டது. எங்களால் முடிந்தது ஒரு வாட்டர் கூலர். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். 'உபயம்' எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்துல் ரகுமான், மீரா, இன்குலாப் என்று அடுக்கிக்கொள்ளத் தியாகராசர் கல்லூரிக்கு ஆள் இருக்கிறது. எங்கள் கல்லூரி நானே போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது.

பாயசத்துக்கு முன்னால் படிவம் வந்தது. 'கல்லூரியில் கற்றது வாழ்க்கைக்குப் பயன்பட்டதா?' என்ற கேள்விக்கு நேரே, 'மிக நன்று' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"கையெல்லாம் ரசம் சார். கைநாட்டு வச்சுரவா?"

"காலேஜ் மானம் போயிரும். கழுவிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்."

கை கழுவுகிற சாக்கில் மண்டபத்தின் பின்வாசலுக்கு நழுவினேன். அங்கே காலி காஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் என் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் ஏற்கெனவே பதுங்கியிருந்தார்கள். ஒருவன் கையில் இன்னும் அப்பளம். 'சத்தம் போடாதே' என்று அவன் வாயில் விரல் வைக்கவும், முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

வாத்தியார் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"நாலு பேர் ஆச்சு, ஒரு கூட்டத்துக்குப் போதும். நகராதீங்கடா, போட்டோல ஜியோடேக் விழணும்!"