கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி?

அமெரிக்காவின் நெப்ராஸ்காச் சமவெளியில் 1870களில் பர்லிங்டன் ரயில் கம்பனி ஊர்களைப் பெற்றுத் தள்ளியது. தண்டவாளம் நீள நீள ஆங்கில அரிச்சுவடி வரிசையில் பெயர்கள்: கிரீட், டோர்செஸ்டர், எக்ஸிடர், ஃபெயார்மொன்ட், கிராஃப்டன், ஹார்வர்ட். அரசாங்கம் தூக்கிக் கொடுத்த காணியை வழியெல்லாம் கூறுபோட்டு விற்றார்கள். பூர்வகுடிகளிடம் பறித்த மண், பச்சைக் கொள்ளை. ஆனால் அந்தக் கொள்ளையிலும் ஒரு நாணயம் இருந்தது. காசு கட்டியவன் கைக்குக் காணி உறுதி போனது.

இலங்கையில் நமக்கு வாய்த்த தோட்டத் துரைமார் அதைவிடக் கெட்டிக்காரர்கள். கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்கிக் களைத்துப்போய் ரயில் கேட்டார்கள். 1858 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். மீதி மண்ணை யார் வெட்டியது என்று கேட்பது நாகரிகமல்ல. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1884 இல் ஹட்டன், அடுத்த ஆண்டு நானுஓயா. இடையில் கோப்பி நோயில் செத்தது, தேயிலை ஏறிக்கொண்டது, கோச்சி நிற்கவில்லை. ஸ்டேஷன் எழும்பிய இடத்தில் கடை, அடகுக்கடை, தவறணை, கோயில், பொலிஸ் என்று ஊர் கூடியது. ஹட்டனுக்கு ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயர். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி, காடு தாண்டி, பாதி வழியில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்களின் கிராமப் பெயர் எதுவும் அந்தப் பாதையின் எந்த ஸ்டேஷனுக்கும் ஏறவில்லை.

மலைப் பாதையின் பெயர்ப்பலகைகளை நின்று பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று சுத்தமாக எழுதியிருக்கும். பட்டிப்பொளைக்கு 6,200 அடிக்கு மேல். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இருப்பவருக்குக் கடிதம் போட்டால் அது தோட்ட ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது கடிதத்தின் தலையெழுத்து. வேலைக்கான நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வந்த அழைப்புக் கடிதங்களைப் பற்றி மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டேஷனின் உயரத்தை அளந்த அரசுக்கு ஆளின் வீட்டிலக்கத்தை எழுத இன்னும் மை கிடைக்கவில்லை.

1948 இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு பிரசாவுரிமைச் சட்டமும் வந்து இந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பிறகு. ஆடு விற்கிறவன்கூட ஆட்டைப் பக்கத்தில் நிறுத்தித்தான் விலை பேசுவான். இங்கே பேசப்பட்டவர்களை அறைக்குள் கூப்பிடவே இல்லை. பிறகென்ன, தேயிலையை இறக்கிய பாதையிலேயே ஆட்களையும் இறக்கி, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள்.

நான் இருக்கும் கொழும்பு மாளிகாவத்தையில் ரயில் பெட்டிகளுக்கென்று யார்ட் இருக்கிறது. பெட்டிக்கு இலக்கம் உண்டு, கழுவ ஆள் உண்டு, பழுது பார்க்க ஆள் உண்டு. தண்டவாளத்தோரம் ஒரு தகரக் கொட்டில் முளைத்தால் மட்டும் ‘அனுமதியற்ற குடியிருப்பு’ என்று கடதாசி வரும். ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. எங்கள் லைன் ஓரத்துச் சனத்தையும் மலையகத் தமிழரையும் ரயில் பெட்டிகள் என்று வர்த்தமானியில் அறிவித்துவிடுங்கள். ஒரே இரவில் இலக்கம் கிடைக்கும், நிற்க இடம் கிடைக்கும். பழசாகிப்போனாலும் கவலையில்லை: வெள்ளைக்காரன் காலத்து இஞ்சினைக் கடுகண்ணாவை நூதனசாலையில் துடைத்து வைத்திருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில்தான் இன்னும் பிள்ளை பெறுகிறார்கள்.

இப்போது அந்தப் பாதையை அழகென்று விற்கிறீர்கள். எல்ல நகருக்குப் போகும் வெளிநாட்டவர் கதவில் தொங்கிப் படமெடுக்க, பின்னணியில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் தேவை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு அவள் 2021 வரை காத்திருந்தது படத்தில் விழாது.

2023 இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டென, ‘மலையகம் 200’ என்று மாலை போட்டீர்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்றீர்கள், பிறகு 10 என்றீர்கள்; தேர்தலுக்குத் தேர்தல் காணி மேடையிலேயே வளர்கிறது. அடுத்த முறை ஹட்டனுக்கு வரும்போது பேச்சாளரை விட்டுவிட்டு உறுதியைக் கொண்டுவாருங்கள். நொத்தாரிசு கூலியை நாங்கள் கொடுக்கிறோம்.