முதலில் உறங்குபவர் யார்? தாலாட்டுத் தேர்வு பற்றி ஓர் ஆராய்ச்சி

மனிதன் தன் ஆயுளில் செய்ய நேரும் தேர்வுகளுள் வரன் தேர்வையும் மனைத் தேர்வையும் பற்றிப் பெரியோர் பலர் சாஸ்திரங்கள் எழுதி வைத்திருக்க, அவற்றையெல்லாம்விட அதிகத் தடவை, அதுவும் இருட்டில், கொட்டாவிக்கு நடுவில், மேல்முறையீட்டுக்கு இடமே கொடுக்காத ஒரு நீதிபதியின் முன்னிலையில் செய்ய வேண்டியிருக்கிற தாலாட்டுத் தேர்வைப் பற்றி முறையான கிரந்தம் ஒன்றும் காணப்படாதது நம் மொழிக்கு ஒரு குறைதான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அக்குறையை நிவர்த்திக்க எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன், மகன் கட்டிங் மாஸ்டர், மருமகள் ஓவர்லாக் டெய்லர், இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புவார்களாகையால், இரண்டரை வயதுப் பேத்தியின் சோறு, குளியல், கஷாயம் முதலிய பெரிய இலாகாக்களை என் மனைவி தன்னிடம் வைத்துக்கொண்டு, நித்திரை இலாகாவை மட்டும் எனக்கு ஒதுக்கினாள். பழக்கம் விடவில்லை, நீள நோட்டு ஒன்றில் பாட்டு, பாடியவர், உறங்கியவர், நேரம் என்று நான்கு பத்திகள் கோடு போட்டுத் தினமும் எழுதி வந்தேன். இந்த ஆராய்ச்சிக்கு அந்த நோட்டே மூல ஆவணம்.

தாலாட்டு என்பதற்கு, தால் என்றால் நாக்கு, அதை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று பண்டிதர்கள் பொருள் சொல்லுவார்கள். இது பாடுகிறவருடைய நாக்கைக் குறிக்கிறதே ஒழிய, கேட்கிற குழந்தையின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நாக்கை ஆட்டியதோடு நம் கடமை தீர்ந்தது, மூடுவதும் மூடாததும் குழந்தையின் சித்தம் என்று முன்னோர் பெயர் வைக்கும்போதே பொறுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பிரமாணமும் உண்டு. பிள்ளைத்தமிழ் என்பது பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்தாக 100 பாட்டு. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மைக்குப் பாடிய பிள்ளைத்தமிழில், தெய்வங்களைத் துணைக்கழைக்கும் காப்பை நீக்கிவிட்டால், தொட்டிலுக்குரியது தாலப் பருவம் ஒன்றே. மற்றப் பருவங்களில் அம்மை தலை நிமிர்த்தி ஆடுகிறாள், கை கொட்டுகிறாள், முத்தம் கொடுக்கிறாள், நிலாவை விளையாடக் கூப்பிடுகிறாள், அம்மானை ஆடுகிறாள், நீராடுகிறாள், ஊசலாடுகிறாள். ஆக, தூக்கத்துக்கு ஒரு பங்கும் கொட்டத்துக்கு எட்டுப் பங்கும் என்ற விகிதம் மதுரையை ஆளப் பிறந்தவளுக்கே அப்படி இருக்க, காங்கேயம் ரோட்டில் லைன் வீட்டில் பிறந்தவளைக் குறை சொல்லி என்ன பயன்?

பெண்பாற் பிள்ளைத்தமிழ் ஊசலில் முடிவதும், பௌதிக சாஸ்திரத்தில் கயிற்றில் தொங்கி ஆடுகிற எதற்கும் ஊசல் என்றே பெயர் வழங்குவதும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் தாலாட்டைத் தேர்ந்தெடுப்பவன் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையை அல்ல, கூரையை என்ற என்னுடைய முதல் கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் பிறந்தது. கொக்கியிலிருந்து குழந்தையின் உடம்பு வரை 1 மீட்டர் உள்ள சேலைத் தொட்டில் ஒரு தடவை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 நொடி பிடிக்கும். அதே தொட்டிலை 2 மீட்டர் நீளத்தில் கட்டினால் ஏறத்தாழ 2.8 நொடி பிடிக்கும். குழந்தை நோஞ்சானா கொழுகொழுவென்றிருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே உயர்ந்த விட்டமுள்ள பழைய ஓட்டு வீட்டில், தூக்கத்துக்கென்றே பெயர் வாங்கிய நீலாம்பரியை ஆற அமர இழுத்துப் பாடிய பாட்டிமார்களுடைய சங்கீத ஞானத்தில் பாதியை விட்டத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். சிமென்ட் ஷீட் வேய்ந்த லைன் வீட்டில், கையை உயர்த்தினால் இடிக்கிற உயரத்தில் தொட்டில் கட்டி அதே நீலாம்பரியைப் பாடுகிறவன், பாட்டு ஒரு பக்கமும் தொட்டில் ஒரு பக்கமுமாகப் போக, தாளம் தப்பியவன் என்ற அபவாதத்துக்கு ஆளாவான். அவனுக்கு உகந்தது தெம்மாங்கு.

இரும்பு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு மேலும் கீழும் துள்ளவிடும் தொட்டிலின் சங்கதியே வேறு. அங்கே எடைதான் தாளத்தை நிர்ணயிக்கிறது. 4 கிலோ இருந்த குழந்தை வளர்ந்து 9 கிலோ ஆகும்போது ஒரு துள்ளலுக்குப் பிடிக்கும் நேரம் ஒன்றரை மடங்காகிறது என்று கணக்குச் சொல்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றரை, ஒன்றரை என்றே சொல்லுகிற திருப்பூரில் குழந்தையும் அந்தக் கணக்குக்கு வந்து சேர்வதைக் கண்டு நான் சிறிது பரவசப்பட்டது உண்மை. எங்கள் வீட்டு ஸ்பிரிங் பேத்தியின் வளர்ச்சிக்கு ஈடு கொடுக்க மாட்டாமல் அவளைத் தரையில் உட்கார வைத்துவிட்டபடியால், அந்த ஆராய்ச்சி நடுவில் நின்று, பழையபடி கயிற்றுக்குத் திரும்பினோம்.

இனி விஷயம், அதாவது பாட்டின் உட்பொருள். கணக்கெழுதியவன் கண்ணுக்கு நம் தாலாட்டுக்களில் பெரும்பாலானவை டெலிவரி சலான்களாகவே தோன்றுகின்றன. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் பிரமன் தொட்டில் அனுப்புகிறான், இந்திரன் கிண்கிணி அனுப்புகிறான், வருணன் முத்தாரம் அனுப்புகிறான். அனுப்புநர், பெறுநர், சரக்கின் விவரம் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. விலை மட்டும் போடவில்லை. அன்பளிப்புச் சரக்காகையால் அதை ஆட்சேபிப்பதற்கில்லை. நாட்டுப்புறத் தாலாட்டிலும் மாமன் ஊர் ஊராகப் போய்ச் சாமான் வாங்கி வருவான். இந்த மரபைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க விரும்பி, மாமன் காதர்பேட்டைக்குப் போய் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் கவுன் எடுத்து வருவதாக நான் ஒரு கண்ணி கட்டிப் பாடினேன். தொட்டிலுக்குள்ளிருந்து, "என்ன கலரு அப்பாரு?" என்று கேள்வி வந்தது. மஞ்சள் என்றேன். மஞ்சள் வேண்டாம் என்றாள். அன்றைக்குச் சரக்கு மூன்று முறை திரும்பிப் போய், பத்தரை மணிக்கு ரோஸ் கலரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதைவிட ஆபத்தானது, யார் அடித்து நீ அழுகிறாய் என்று உறவுக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கிற வகை. மாமனோ அத்தையோ பூவால் அடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் அந்த விசாரணைக் கமிஷன் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை; குற்றவாளி அகப்படுவதற்குள் வாதி தூங்கிவிடுவது என்பதே அதன் யுக்தி. பேசத் தெரியாத சிசுவிடத்தில் இது பலிக்கும். என் பேத்தியோ முதல் சாட்சியை அழைத்ததுமே தலையைத் தூக்கி, "மாமா அடிக்கல. நேத்து நீங்கதான் அடிச்சீங்க" என்று வாக்குமூலம் கொடுத்தாள். பக்கத்து அறையில் என் மனைவி இருந்தாள். அந்த வகையை அன்றோடு கைவிட்டேன்.

பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு இயற்றியிருக்கிறார். ஆண் பிள்ளைக்கே மாணிக்கமும் முத்தும் இறைத்துவந்த வழக்கத்துக்கு அது தக்க மறுமொழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாதி இருட்டைப் போக்குவது, மூடத்தனத்தை அகற்றுவது ஆகிய காரியங்களையெல்லாம் ஒரு பெண் சிசுவிடம் ஒப்படைத்த கையோடு தூங்கவும் சொன்னால், பொறுப்புள்ள குழந்தை எதுவும் எழுந்து உட்கார்ந்துகொள்ளாதா என்பது நித்திரை இலாகாக்காரனாகிய எனக்குத் தோன்றும் ஒரே ஆட்சேபம்.

சினிமாத் தாலாட்டுக்களை நம்பி மோசம் போனவர்கள் பலர். 1961இல் வந்த பாசமலர் படத்துத் தாலாட்டைப் பாடாத வீடு நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பாடியவர்கள் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவுமாக இருவர், தனியாளாக இரண்டு குரலுக்கும் மாறி மாறிப் போய்வருகிற கிழவனுக்கு மூச்சு வாங்கும் என்பது ஒன்று. அண்ணன் தங்கையின் கதை நினைவுக்கு வந்து நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. "ஏன் அப்பாரு அழுவறீங்க?" என்று கேட்டுவிட்ட குழந்தையை மறுபடி படுக்க வைப்பது சுலபமல்ல. 1982இல் வந்த மூன்றாம் பிறையிலோ, ஜேசுதாஸின் குரலில் தூங்க வைக்கப்படுபவள் நினைவு பிசகிக் குழந்தையாகிப் போன ஒரு வயது வந்த பெண். சினிமாத் தாலாட்டு கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணை நனைப்பதற்காகச் செய்யப்படுவது. கண்ணை மூட வைப்பது அதன் உத்தேசமே அல்ல, மூடினால் தயாரிப்பாளருக்கு நஷ்டம். தவிரவும் இடையில் வரும் குழலையும் வயலினையும் வாயாலேயே வாசித்தாக வேண்டும். ஒரு ஸ்வரத்தை விட்டாலும் தொட்டிலில் இருப்பவர் திருத்துவார்.

இவ்வளவு பிரயாசைப்பட்டு நான் தேர்ந்துகொண்டிருக்க, எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான நாலரை அங்குலச் சுவர் தன் போக்கில் வேறொரு தேர்வை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே குடியிருப்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கணவன் நிட்டிங்கில், மனைவி வீட்டில் கைக்குழந்தையோடு. அந்த அம்மாள் இரவில் பாடுகிற பாட்டில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: ஜன்ஹமாமு. சந்திரனைத்தான் அப்படி மாமா முறை வைத்து அழைக்கிறார்கள் என்று அவள் கணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1947 முதல் தமிழ்ப் பிள்ளைகள் மாதாமாதம் வாங்கிப் படித்த பத்திரிகைக்கு அம்புலிமாமா என்று பெயர் இருந்ததை நினைத்தால், வடக்கத்தி நிலாவுக்கும் தெற்கத்தி நிலாவுக்கும் உறவுமுறையில் வித்தியாசமில்லை என்பது ருஜுவாகிறது. மாமன் என்றால் சீர் கொண்டுவர வேண்டியவன். இந்த மாமனோ எந்தக் காலத்திலும் வெறுங்கையோடு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். ஆயினும் என் பேத்தி, எனது பதினோராவது பாட்டுக்கு மசியாத இரவுகளில், சுவருக்கு அப்பாலிருந்து வருகிற ஜன்ஹமாமுவுக்கு இரண்டே நிமிஷத்தில் மசிந்திருக்கிறாள். அர்த்தம் புரியாத பாட்டே உத்தமம், ஏனெனில் அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

அந்தக் குறிப்பைத் தொடர்ந்து போனால் சொல்லே இல்லாத பாட்டில் கொண்டுபோய் விடுகிறது. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களில், தறி ஓடுகிற கொட்டகையை ஒட்டியே தொட்டில் தொங்கும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓடுகிற அந்த இரைச்சலில் நமக்குப் பேச்சுக் கேட்காது, குழந்தை அயர்ந்து தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீறிட்டு எழும். ராகம், சாகித்தியம், குரல்வளம் ஆகிய மூன்று தோஷங்களும் அற்ற தாலாட்டு அது. என் மனைவியின் பூர்வபட்சமும் இதே ரகம்தான்: "பாட்டாவது கூத்தாவது. தூக்கம் வந்தா தூங்கிப் போவுதுங்க. நீங்க செத்த சும்மா இருந்தீங்கன்னாப் போதும்."

இந்த வாதத்தை நான் நோட்டின் மூன்றாம் பத்தியைக் காட்டி நிராகரிக்க எண்ணியிருந்தேன். அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு விதமாகத் திரும்பியது. உறங்கியவர் என்ற தலைப்பின் கீழ் பேத்தியின் பெயரைவிட என் பெயரே அதிக இடங்களில் இருந்தது. மகன் பாடிய நாட்களில் மகனின் பெயர். மருமகள் பாடிய நாட்களில் பெரும்பாலும் மருமகளின் பெயர். பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்து எழுந்து, பஸ்ஸுக்கு நின்று, சாதம் வடித்து, அதன் பிறகு தொட்டிலடியில் உட்காருகிறவருக்குப் பாட்டின் தேர்வு என்பது தனக்கு எத்தனை வரி விழிப்பு பாக்கியிருக்கிறது என்ற கணக்கே தவிர வேறில்லை. நீளமான பாட்டு தெரிந்தவர்கள் பாடிய இரவுகளில் குழந்தை நெடுநேரம் விழித்திருந்ததற்குக் காரணமும் இப்போது விளங்குகிறது: முதல் சரணத்திலேயே பாடியவர் குறட்டைக்குப் போய்விட, மிச்சத்தைத் தானே பாடி முடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அதற்கு.

சென்ற சனிக்கிழமை சம்பள நாள். மருமகள் கடைவீதி வழியாக வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. அம்மாதான் பாட வேண்டும் என்று பேத்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். மருமகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொட்டிலிலிருந்து இழுத்த கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, எனக்குப் பாடம் பண்ணிக் கொடுத்த மாதிரியே பாசமலரை ஆரம்பித்தாள். இரண்டாவது வரி முடியவில்லை. தலை தோளில் சாய்ந்தது. பாட்டு நின்றது. தொட்டில் நிற்கவில்லை. ஆராய்ச்சியாளன் என்ற முறையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். ஓவர்லாக் மிஷினின் பெடலை மிதிக்கிற மாதிரி வலது கால் தானாக அமுங்குவதும், துணியைத் திருப்பும் நேரத்துக்கு நிற்பதும், மறுபடி அமுங்குவதுமாக இருந்தது. தொட்டிலுக்குள்ளிருந்து, அமுங்கும் போதெல்லாம் "டர்ர்ர்" என்றும், நிற்கும் போது விட்ட வரியில் ஒரு துண்டுமாக, அடங்கிய குரலில் பாட்டு வந்துகொண்டிருந்தது.

நான் திரும்பி வந்து நோட்டை விரித்து, பாடியவர் என்ற பத்தியில் பேத்தியின் பெயரையும், உறங்கியவர் என்ற பத்தியில் மருமகளின் பெயரையும் எழுதி, ஓரத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து ஆட்டியது என்று தலைப்பிட்டு, அதன் கீழ் வலது கால் என்று எழுதினேன்.