பனிநீங்கு படலம்: மோட்டார் சைக்கிளில் தென்திசை ஏகல் குறித்த ஓர் ஆய்வு

பனியிலிருந்து மோட்டார் சைக்கிளில் தப்ப முடியாது என்பது இவ்வாய்வின் கருதுகோள். தெருவில் பனி கிடந்தால் புறப்பட முடியாது. கிடக்காவிட்டால் புறப்படத் தேவையில்லை. ஆயினும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆண்டுதோறும் ஜனவரி பிறந்ததும் பலர் கராஜுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு புளோரிடாவுக்கு வழி பார்க்கிறார்கள். இச்செயலை முறைப்படி ஆராய்ந்த நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. வேறு பயன் கருதியதன்று.

முதலில் திணை. பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கினார் தொல்காப்பியர். கொளுத்தும் வெயிலின் திணையில் பனிக்கு என்ன வேலை என்று குழம்பியவர்கள் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு கராஜை எட்டிப் பார்த்தால் போதும். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அங்கே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு வண்டி நிற்கிறது. அதன் பற்றரியிலிருந்து ஒரு வயர் சுவரிலுள்ள சார்ஜருக்குப் போகிறது. சார்ஜரில் பச்சை விளக்கு. பக்கத்தில் நிற்கும் காரின் சக்கர வளைவிலிருந்து உப்புச் சேறு கலந்த பனிக்கட்டி தொப்பென்று தரையில் விழுகிறது. தலைவன் குந்தியிருந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கிச் செயினைத் தொட்டுப் பார்க்கிறான். ஐப்பசியில் பூசிய எண்ணெய் அப்படியே இருக்கிறது. இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். இது பிரிவின்கண் மெலிதல்.

இத்தலைவன் வண்டியோடு தெற்கே கிளம்பினால் அது உடன்போக்கு. மனைவியை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவதால் பிரிவும் ஆகும். ஒரே செயல் இரண்டு துறைக்கும் உரியதாவது இலக்கண உலகில் அரிது. மனைவியின் கூற்று சுருக்கமானது: “இஞ்சேருங்கோ, பிளேனிலை போனா நாலு மணித்தியாலம்.” இக்கூற்றுக்கு ஆய்வுலகில் இதுவரை தக்க மறுப்பு எழவில்லை.

அடுத்து எல்லை. பனிக்குத் தப்பி எதுவரை போக வேண்டும்? புளோரிடா மாநிலத்துக்குள் நுழைந்தால் போதும் என்பார் உளர். அது பொருந்தாது. 2025 ஜனவரியில் அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பென்சகோலாப் பக்கம் முழங்கால் பாதியளவுக்குப் பனி கொட்டியது. அப்படியானால் மயாமி என்பர் வேறு சிலர். 1977 ஜனவரி 19 அன்று மயாமியிலேயே பனித்துகள் பறந்தது. ஆகவே கடலுக்குள் நீளும் தீவுச்சரத்தின் கடைக்கோடியிலுள்ள கீ வெஸ்ட் ஒன்றே ஐயத்துக்கு இடமற்ற எல்லை. அங்கு இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர்.

தொலைவு ஒரு சிக்கலே அன்று. சிக்கல் வாசலிலேயே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து தெற்கே போகும் நேர்வழி பஃபலோ நகரைத் தொட்டு, ஈரி ஏரியின் கரையோரமாகவே ஈரி நகர்வரை போகிறது. ஏரி உறையாதிருக்கும் முன்குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்த நீர்ப்பரப்பின்மேல் வரும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொள்கிறது. கரை ஏறியதும் எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2014 நவம்பரில் பஃபலோவின் தென்புறத்தில் 5 அடிக்கு மேல் கொட்டியது. அதே நாட்களில் வடபுறத்தார் சில அங்குலப் பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்கள். பனிக்கு அஞ்சியவன் எடுத்து வைக்கும் முதல் அடியே பனியின் தலைமைச் செயலகத்துக்குள். ஈரியிலிருந்து 79ஆம் நெடுஞ்சாலை, பிறகு 77ஆம் நெடுஞ்சாலை. மேற்கு வெர்ஜீனியாவின் மலைகளைக் கடந்து தென் கரோலினாவின் கொலம்பியாவில் இறங்கும்வரை தலைவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரிக்க நியாயமில்லை.

வெயில் அடிக்கும் நாள் பார்த்துக் கிளம்பலாமே என்று கேட்கலாம். கிளம்பலாம்; ஆனால் சாலையில் உப்பு இருக்கும். உப்புக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழே 21 டிகிரி வரைகூட உறையாது என்பதால் லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். சாலை காய்ந்தபின் அது வெள்ளைத் தூளாக எழுந்து செயின், அலுமினியம், கண்ணாடி எதையும் விடாமல் அப்புகிறது. குளிரில் டயர் ரப்பரும் இறுகிப் பிடிமானம் குறைகிறது. ஐப்பசியில் பூசிய எண்ணெயின் கதியை இங்கே விவரிக்க மனம் வரவில்லை.

இனி காற்று. காற்று வீசும்போது உடல் உணரும் குளிரை முதலில் அளந்தவர்கள் சைப்பிள், பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில் ஓர் உருளையில் தண்ணீரை நிரப்பி, அது எவ்வளவு விரைவில் உறைகிறது என்று பார்த்தார்கள். 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அந்தக் கணக்கைத் திருத்தி ஏற்றுக்கொண்டன. அதன்படி பூச்சியம் டிகிரியில் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் முகத்துக்குத் தெரிவது மறை 11 டிகிரி. மற்றவர்கள் இந்தக் காற்றுக்குப் புயல் வரக் காத்திருக்க வேண்டும். நம் தலைவன் கைப்பிடியை முறுக்கித் தானே உண்டாக்கிக்கொள்கிறான். இதற்கென மின்சூடு தரும் கையுறை, சட்டை, காலுறை எல்லாம் விற்கின்றன. அனைத்தும் வண்டியின் மின்சாரத்தை உறிஞ்சுபவை. மார்கழி முழுதும் சுவரோடு வயரால் பிணைந்து கிடந்தது வண்டி. தை பிறந்ததும் வண்டியோடு வயரால் பிணைந்து கிடக்கிறான் மனிதன்.

எதிர்க்கட்சியாரையும் சொல்லிவிடுவது ஆய்வு அறம். ஜெர்மனியில் 1956 முதல் நடந்துவரும் ‘யானைச் சந்திப்பு’ என்ற கூட்டத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் வந்து பவேரியக் காட்டுப் பனியில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள். ‘பச்சை யானை’ எனப்பட்ட சுண்டாப் வண்டியால் வந்த பெயர் அது. இவர்கள் பனியைத் தேடிப் போகிறவர்கள். நம் தலைப்புக்குப் புறம்பானவர்கள். பலர் பக்கப்பெட்டி பூட்டிய மூன்று சக்கர வண்டியில் வருவதால் சறுக்கி விழுவதும் இல்லை என்பதை மட்டும் பொறாமையோடு குறித்துவிட்டு நகர்கிறேன்.

வழி உண்டா? ஒன்று ரயில். வாஷிங்டனுக்குத் தெற்கே லோர்ட்டனில் மாலையில் ஏறினால் கார், மோட்டார் சைக்கிள் சகிதம் மறுநாள் காலை புளோரிடாவின் சான்ஃபோர்டில் இறக்கிவிடும் ஆட்டோ ட்ரெயினை ஆம்ட்ராக் நிறுவனம் 1983 முதல் ஓட்டுகிறது. மிகச் சிறந்த ஏற்பாடு. ரொறன்ரோவிலிருந்து லோர்ட்டனுக்கு உள்ள ஏறத்தாழ 800 கிலோமீட்டரில்தான் பனி கிடக்கிறது என்பது ஒன்றே அதன் குறை.

மற்றது டிரெய்லர். இதைச் சொன்னாலே தூயவாதிகள் முகம் சுளிப்பார்கள். 1937இல் முதல் பந்தயத்தோடு தொடங்கி இப்போது புளோரிடாவில் மார்ச்சில் நடக்கும் டேட்டோனா பைக் வாரத்துக்கு வருவோரில் சிலர், டிரெய்லரை ஊருக்கு வெளியே மறைத்து நிறுத்திவிட்டு, வட துருவத்திலிருந்தே ஓட்டி வந்தவர்போல உறுமிக்கொண்டு நுழைவதாகச் சொல்வார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது இவ்வாய்வாளன் துணிபு. எலும்பு முறிந்தால் தூயவாதி வந்து மாவுக்கட்டுக்குப் பணம் கட்டப் போவதில்லை.

ஆகவே முடிபு: வண்டியை டிரெய்லரில் ஏற்றுக, கொலம்பியாவில் இறக்குக, அங்கிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஆசை தீர ஓட்டுக. கடைசி 180 கிலோமீட்டர் தீவுக்குத் தீவு பாலங்களில் கடலின் மேலே போகும் சாலை. 1935 சூறாவளியில் சிதைந்த ரயில் பாதையின் மேல் 1938இல் திறந்தது அது. அங்கும் சூடான கையுறையைக் கழற்ற வேண்டாம். கீ வெஸ்டின் சாதனைக் குளிரான 5 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மேற்படி கணக்கின்படி முகத்துக்குத் தெரிவது மறை 3.

இம்முடிபை மறுப்போர் எழுத்தில் மறுக்க வேண்டாம். ஜனவரி மாதத்தில், பஃபலோ வழியாக, தத்தம் வண்டியில் நேரில் வந்து மறுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.