குண்டு மிளகாயும் அடுக்குமாடியும்

ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் ஊர்ப்பக்கம் மழை பொய்த்தால் மிளகாய் கருகும். மழை பெய்து ஊரெல்லாம் விளைந்தால் விலை கருகும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அடகு வைத்தால் யாரும் பணம் தருவதில்லை என்பது மட்டுந்தான் குறை.

அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாதியில் நின்ற வீடுகளை முடிக்க மத்திய அரசு 2019 நவம்பரில் 'ஸ்வாமி' நிதியத்தை அறிவித்தது. மொத்தம் 25,000 கோடி ரூபாய். அதில் அரசின் பங்கு 10,000 கோடி. 2025 பட்ஜெட்டில் இன்னொரு நிதியம், 15,000 கோடி. விலை ஏறியபோது "எல்லாம் சந்தை தீர்மானிப்பது" என்றவர்கள், இறங்கியதும் டெல்லிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். லாபம் வந்தால் சந்தை, நஷ்டம் வந்தால் சர்க்கார்!

நியாயத்தையும் சொல்லிவிடலாம். அந்தப் பணம் இனாம் அல்ல. கட்டி முடிக்கத்தான் தருகிறார்கள், திரும்பி வரவும் வேண்டும். வாடகையையும் வங்கித் தவணையையும் சேர்த்துக் கட்டும் குடும்பத்துக்குச் சாவி கிடைத்தால் நல்லதுதான்.

ஆகவே, வீடு வாங்கியவரைக் காப்பாற்றுங்கள். கட்டியவர் முதலில் தன் சொந்தச் சொத்தை விற்றுப் பார்க்கட்டும். அப்புறம் ஏதாவது மிச்சமிருந்தால், மிளகாய்க்காரருக்கும் ஒரு நிதியம் அறிவியுங்கள். பெயர்கூட வைக்க வேண்டாம்.