11 கிலோ கைச்சுமை

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் ஏறினால், ஆட்களுக்குச் சரிசமமாகப் பைகளும் நின்றுகொண்டு பயணம் செய்யும். முதுகில் லேப்டாப் பை மாட்டிய ஒருவர் வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் மூன்று பேர் குனிய வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது? சாம்பார் சாத டப்பா, தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, எந்தப் போனுக்கும் பொருந்தாத ஒரு சார்ஜர், போன வருஷத்து மருந்துச் சீட்டு. இவற்றுக்கு நடுவே, மெத்தை வைத்துத் தைத்த அறையில், லேப்டாப்பும் இருக்கிறது. பையைத் தைத்தவர் கவலைப்பட்டது லேப்டாப் கீழே விழுந்துவிடுமோ என்று. சுமப்பவரின் கவலையெல்லாம் சாம்பார் டப்பாவின் மூடியைப் பற்றி.

தோள் வலிக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு 1981ஆம் ஆண்டைக் காட்டலாம். அமெரிக்காவில் அப்போது வெளிவந்த 'ஆஸ்பார்ன் 1', எங்கும் தூக்கிச் செல்லலாம் என்று சொல்லி அமோகமாக விற்ற ஆரம்பகாலக் கணினி. எடை சுமார் 11 கிலோ. விலை 1,795 டாலர். தனியாகப் பை வேண்டாம், பெட்டியே பைதான். கீபோர்டை மேலே கவிழ்த்து மூடி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால், தையல் மெஷினோடு ஊர் மாறுகிறவர் போலத் தெரியும். ஃப்ளாப்பிகளைச் செருகி வைக்க முகப்பிலேயே இரண்டு அறைகள். திரையோ 5 அங்குலம். இன்றைக்குச் சட்டைப் பையில் கிடக்கும் செல்போனைவிடச் சிறியது. உள்ளே பேட்டரியும் கிடையாது. அதாவது, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். போன இடத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டும். விமான இருக்கைக்கு அடியில் அடங்கும் என்பது அதன் பெரும் பெருமை. அதுவரை தூக்கி வந்த கையின் கதி பற்றிப் பேச்சில்லை.

இயந்திரத்தை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். பெயரும் யோசனையும் ஆடம் ஆஸ்பார்னுடையவை. இந்த ஆஸ்பார்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்து, திருவண்ணாமலையில் வளர்ந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியவர். மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். பற்றுகளை இறக்கி வைக்க உலகமே தேடி வந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, 11 கிலோவைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வழிசெய்தது அருணாசலேஸ்வரரின் திருவிளையாடல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கணினி விற்பதற்கு முன்னால் அவர் விற்றது புத்தகங்களை. மைக்ரோ கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று விளக்கும் கையேடுகளை எழுதி, தாமே பதிப்பித்து, 1979இல் அந்தப் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் நிறுவனத்துக்கு விற்றார். தயாரிப்பாளர்கள் தரும் கையேட்டைப் படித்துத் தலைசுற்றியவர்கள் இருக்கும்வரை, அதை விளக்கும் இன்னொரு கையேட்டுக்குக் கிராக்கிதான். கணினி நிறுவனம் மட்டும் 1983இல் திவாலானது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே வாய்விட்டதால் பழையதை வாங்க ஆளில்லாமல் போனது என்பார்கள். அது மட்டும் காரணமில்லை என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. ஆஸ்பார்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

கையேட்டு வியாபாரம் படுக்கவில்லை. 1991இல் டான் கூகின் எழுதிய 'டாஸ் ஃபார் டம்மீஸ்' மஞ்சள் அட்டையோடு வந்தது. வாங்குகிறவரை முட்டாள் என்று அட்டையிலேயே விளித்தும் விற்றுத் தீர்ந்த புத்தகம் வேறு உண்டா, தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்காக ஜனங்கள் காசு கொடுத்தார்கள் போலும்.

நம்மூர்ப் பெரியவர்கள் அந்தச் செலவும் செய்வதில்லை. பணி ஓய்வு பெற்ற ஒருவர், மகன் வைத்துவிட்டுப் போன லேப்டாப்புக்கு எல்.ஐ.சி. டைரியில் தாமே கையேடு எழுதுகிறார். 'சேவ்: மேலே இடது மூலை, சின்ன நீலப் பெட்டி. ஒரு தடவை மட்டும் அமுக்கு.' 'பிரிண்ட்: முதலில் பிரிண்டர் ஸ்விட்சைப் போடு.' அடிக்கோடு இரண்டு. 'எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக வந்தால் கேப்ஸ் லாக். பதற வேண்டாம்.' எந்தப் பன்னாட்டுப் பதிப்பகமும் இத்தனை சுருக்கமாக எழுதியதில்லை.

கடைசிப் பக்கத்தில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு. பென்சிலில் எழுதியிருப்பதால் பயமில்லை என்பது அவர் கணக்கு. அந்த டைரி, ஜிப் போன வெளி அறையில், லேப்டாப்போடு பேங்குக்கும் போய் வருகிறது.